திரும்பி வரத் தெம்பு இருக்கா? தனுஷ்கோடி சாலையில் வாடைக்காற்று நடத்திய பாடம்

சைக்கிள் ஓட்டுபவர்களிடம், “ரைடு எப்படிப் போச்சு?” என்று கேட்டால், பொதுவாக கிலோமீட்டர் கணக்குச் சொல்வார்கள். மார்கழி, தை மாதங்களில் கேட்டுப் பாருங்கள், காற்றுக் கணக்குச் சொல்வார்கள். எந்தத் திசையில் அடித்தது, எந்த இடத்தில் தள்ளியது, எங்கே இறங்கி உருட்ட வைத்தது என்று டீ ஆறிப்போகும் வரை பேசுவார்கள்.

அப்படிப் பேசும் நான்கு பேரை, தை மாத சனிக்கிழமை ஒன்றின் மாலையில் மண்டபத்தில் ஒரு டீக்கடை பெஞ்சில் சந்தித்தேன். மறுநாள் காலை அவர்களோடு நானும் சைக்கிளில் அரிச்சல்முனை போவதாக ஏற்பாடு. ஆபீஸில் எனக்குக் கொடுத்திருந்த வேலை ரொம்ப எளிமையானது. பாம்பன் பாலம், தனுஷ்கோடி, அரிச்சல்முனை. இரண்டு பக்கமும் கடல், நடுவில் சைக்கிள். மூன்று நிமிட வீடியோ, கூடவே நான்கு பத்தி.

அந்த வீடியோவை நான் எடுக்கவில்லை. ஏன் எடுக்கவில்லை என்பதுதான் இந்தக் கட்டுரை.

டீக்கடை பெஞ்சில் நான்கு கதைகள்

நால்வரில் மூத்தவர் மதுரையைச் சேர்ந்த வங்கி அதிகாரி. எல்லோருக்கும் அவர் ‘அண்ணன்’. அடுத்தவர் ராமநாதபுரத்தில் இயற்பியல் சொல்லித்தரும் பள்ளி ஆசிரியை. மூன்றாமவர் சென்னையில் ஐ.டி. வேலையில் இருக்கும் இளைஞர். நான்காவது, கோவையில் இன்ஜினீயரிங் படிக்கும் தம்பி. வயதும் ஊரும் வேலையும் வேறு. நால்வரும் இந்தக் குளிர்காலத்தில் காற்றிடம் அடிவாங்கியவர்கள்.

முதலில் ஆரம்பித்தவர் ஐ.டி. இளைஞர். “மார்கழியில சென்னையிலேருந்து புதுச்சேரி போனேங்க. ஈ.சி.ஆர்-ல ஆறு மணி நேரத்துல போயிட்டேன். ‘நம்ம காலுக்கு இவ்வளவு பவரா’ன்னு எனக்கே பெருமை. ராத்திரி ஹோட்டல்ல உட்கார்ந்து ஸ்டேட்டஸ் எல்லாம் போட்டேன். மறுநாள் திரும்புறப்பதான் தெரிஞ்சுது, முந்தின நாள் ஓட்டினது நான் இல்லை, காத்து!”

மரக்காணம் உப்பளப் பகுதி வந்ததும் வெட்டவெளி. மறைவுக்கு ஒரு மரம்கூட இல்லை. மணிக்கு 12 கிலோமீட்டரைத் தாண்ட முடியவில்லையாம். கல்பாக்கம் வந்தபோது இருட்டிவிட்டது. “அப்பாவுக்கு போன் பண்ணி காரை எடுத்துட்டு வரச் சொன்னேன். வந்தார். சைக்கிளை ஏத்தினார். வீடு வர்ற வரைக்கும் ஒரு வார்த்தை பேசலை. திட்டியிருந்தாக்கூடத் தாங்கியிருப்பேன்!”

பெஞ்சு முழுக்கச் சிரிப்பு.

கோவைத் தம்பியின் கதை பாலக்காட்டுக் கணவாய். மேற்குத் தொடர்ச்சி மலை நீளமான மதில் மாதிரி நிற்கிறது. அதில் கோவைக்கும் பாலக்காட்டுக்கும் நடுவே மட்டும் சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்கு ஒரு வாசல் திறந்திருக்கிறது. ஆனி, ஆடியில் அந்த வாசல் வழியாக மேற்கிலிருந்து காற்று வரும். டிசம்பர், ஜனவரியில் திசை மாறி கிழக்கிலிருந்து அடிக்கும்.

“வாளையார் வரைக்கும் யாரோ முதுகுல கை வெச்சுத் தள்ளின மாதிரிப் போனேன்க்கா. திரும்பி வர்றப்ப இறக்கம் வந்தாலும் பெடல் மிதிச்சாத்தான் வண்டி நகருது. இறக்கத்துல மிதிக்கிற கொடுமை இருக்கே...” என்று தலையில் கை வைத்துக்கொண்டான்.

அண்ணனின் கதையில் சிரிப்பு குறைவு. நெடுந்தூர சைக்கிள்காரர்கள் ‘பி.ஆர்.எம்.’ என்று ஒரு ரைடு நடத்துகிறார்கள். அது பந்தயம் அல்ல. முதலிடம், இரண்டாமிடம் கிடையாது. குறித்த தூரத்தைக் குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டும். 200 கிலோமீட்டர் என்றால் 13 மணி 30 நிமிடம். “டிசம்பர்ல ஒரு 200. முதல் பாதி எதிர்காத்து. எனக்குப் பின்னால ஒரு குரூப் வந்துச்சு. அவங்களோட சேர்ந்து போயிருக்கலாம். ‘நாம யாரு’ன்னு தனியாவே முட்டிக்கிட்டுப் போனேன். பாதி தூரத்துல காலு காலி. 20 நிமிஷத்துல கோட்டை விட்டேன். நான் விட்டுட்டு வந்த குரூப் எனக்கு முன்னாடி போய் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கிட்டு இருந்துச்சு” என்றார்.

டீச்சர் கடைசியாகப் பேசினார். “நான் ரெண்டு தை மாசம் அரிச்சல்முனைக்குக் கிளம்பியிருக்கேன். ரெண்டு தடவையும் பாதியில திரும்பிட்டேன். நாளைக்கு மூணாவது.”

“அடடா!” என்றேன், ஆறுதல் சொல்வதுபோல.

“இதுல என்னம்மா அடடா? ரெண்டு தடவையும் பத்திரமா வீட்டுக்கு வந்து சமைச்சேன்” என்று சிரித்தார். அப்போது எனக்கு அது ஜோக்காகத்தான் தெரிந்தது.

காற்றுக்கு எவ்வளவு கூலி?

எதிர்காற்றில் சைக்கிள் ஏன் இவ்வளவு கனக்கிறது? டீச்சரிடம் கேட்டேன். டீக்கடை பில் பேப்பரின் பின்பக்கம் பாடமே நடத்திவிட்டார்.

காற்றே இல்லாத நாளில் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் போகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் முகத்தில் படும் காற்றின் வேகம் 20. இப்போது எதிரிலிருந்து 20 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசுகிறது. முகத்தில் படும் வேகம் 40. வேகம் இரண்டு மடங்கு ஆகியிருக்கிறது. ஆனால், காற்று நம்மைப் பிடித்து நிறுத்தும் விசை இரண்டு மடங்கு ஆகாது, நான்கு மடங்கு ஆகிவிடும். அதே 20-ல் போக வேண்டுமானால், காற்றைக் கிழிக்க மட்டும் நான்கு பேர் உழைப்பை ஒரே ஆள் கொடுக்க வேண்டும்.

“அதனாலதான் எதிர்காத்துல மீட்டரைப் பார்க்கக் கூடாது. வழக்கமான வேகத்தைப் பிடிக்கணும்னு நினைச்சா அரை மணி நேரத்துல காலி. மூச்சு ஒரே சீரா இருக்கான்னு மட்டும் பாரு. வேகம் 10-க்குப் போனாலும் போகட்டும்” என்றார் அண்ணன்.

தப்பிக்க வழியும் இருக்கிறது. முன்னால் போகிறவரின் பின்னால் ஒட்டினாற்போலப் போனால், காற்றின் எதிர்ப்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறையும். முன்னால் போகிறவர் களைத்ததும் விலகிக் கடைசிக்கு வர, அடுத்தவர் முன்னால் போவார். வானத்தில் கூட்டமாகப் பறக்கும் பறவைகளும் இப்படி மாறி மாறித்தான் முன்னால் வருகின்றன.

காற்றை வம்புக்கு இழுக்கும் ஊரும் உலகத்தில் இருக்கிறது. நெதர்லாந்தில் எதிர்காற்று சைக்கிள் போட்டி என்றே ஒன்று நடத்துகிறார்கள் என்று ஐ.டி. இளைஞர் போனில் வீடியோ காட்டினார். கடல் வெள்ளத்தைத் தடுக்கக் கட்டிய பெரிய தடுப்பணையின் மேல் 8.5 கிலோமீட்டர். எல்லோருக்கும் ஒரே மாதிரி கியர் இல்லாத சாதாரண சைக்கிள். தேதியை முன்கூட்டிச் சொல்ல மாட்டார்கள். புயல்காற்று வருகிறது என்று வானிலை அறிக்கை வந்த பிறகுதான் அறிவிப்பார்கள். “காத்து இல்லைன்னா போட்டி இல்லை. அப்படியும் மனுஷங்க இருக்காங்க பாருங்க” என்றார்.

நானும் சிரித்தேன். சென்னையில் ஞாயிற்றுக்கிழமைகளில் பெசன்ட் நகரிலிருந்து கோவளம் வரை ஓட்டிய தைரியம் எனக்கு. நாளைக்கு என்ன, போக வர சுமார் 80 கிலோமீட்டர். பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் தூங்கப் போனேன்.

ஒரு பக்கம் குளம், மறுபக்கம் கொதிப்பு

காலை ஆறே காலுக்குப் பாம்பன் சாலைப் பாலத்தில் ஏறினோம். 1988-ல் திறக்கப்பட்ட இந்தப் பாலத்தின் நீளம் சுமார் 2.3 கிலோமீட்டர். நடுவில் முதுகு வளைத்த மாதிரி உயரும். அந்த மேட்டில் ஏறும்போதுதான் காற்று முதல்முறையாகக் கைகுலுக்கியது. ஹேண்டில்பார் சட்டென்று வலதுபக்கம் ஒதுங்கியது. நான் திருப்பவில்லை, அதுவே திரும்பியது.

“இறுக்கிப் பிடிக்காதே. தோளைத் தளர்த்திக்கோ. குனிஞ்சுக்கோ” என்று டீச்சர் பின்னாலிருந்து கத்தினார். காற்று இரைச்சலில் பாதிதான் கேட்டது.

பாலத்தில் நின்று பார்த்தால், இந்த மாதங்களில் இரண்டு கடல்களின் குணமும் தெரியும். வடக்கே பாக் நீரிணை. வாடைக்காற்று நேராக அதன் மேல் விழுவதால் வெள்ளை வெள்ளையாக அலை உடைந்துகொண்டே இருந்தது. தெற்கே மன்னார் வளைகுடா. அது குளம் மாதிரி கிடந்தது. ஆனி, ஆடியில் தென்மேற்கிலிருந்து காற்று திரும்பிவிட்டால், இந்தக் குணமும் இடம் மாறிவிடும்.

பக்கத்திலேயே ரயில் பாலம். 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய பாலத்தில், கப்பல் போவதற்காக நடுப்பகுதி அப்படியே மேலே தூக்கப்படும். அதற்கு முன், 1914-ல் திறக்கப்பட்ட பழைய பாலம்தான் நூறு ஆண்டுகளுக்கு மேல் ராமேஸ்வரத்துக்கு ரயிலைக் கொண்டுபோனது. அதில் காற்றளவைக் கருவி ஒன்று இருந்தது. காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் சிக்னல் சிவப்பாகிவிடும், ரயில் நின்றுவிடும். காற்று தணிந்த பிறகுதான் கிளம்பும்.

“அத்தனை டன் ரயிலே நின்னு போகுது. நாம 12 கிலோ சைக்கிளை வெச்சுக்கிட்டு அவசரப்படலாமா?” என்றார் அண்ணன். சொன்னவர் யாரையும் பார்க்கவில்லை. ஆனால், எனக்காகத்தான் சொன்னார் என்று பின்னால் புரிந்தது.

தள்ளிக்கொண்டு போன காற்று

தங்கச்சிமடம் தாண்டி, ராமேஸ்வரம் ஊரை ஒட்டி தனுஷ்கோடி சாலையில் திரும்பியதும் காட்சி மாறியது. சாலை தென்கிழக்காகப் போகிறது. காற்று வடக்கிலிருந்து வருகிறது. அதாவது, இடது தோளுக்குப் பின்னாலிருந்து யாரோ தள்ளுவதுபோல. பாலத்தில் முரண்டு பிடித்த சைக்கிள் இப்போது தானாக ஓடியது. மீட்டரில் 24, 26, 28. கோவளம் சாலையில் ஒருநாளும் பார்க்காத எண்கள்.

கோதண்டராமர் கோயிலுக்குத் திரும்பும் இடம் வரை எல்லோருடனும் இருந்தேன். அங்கே ஆழமில்லாத நீர்ப்பரப்பில் பூநாரைகள் கூட்டமாக நின்றன. குளிர்காலத்தில் இங்கே வரும் விருந்தாளிகள். இரண்டு போட்டோ எடுத்தேன். பிறகு, “முன்னாடி போய் நீங்க வர்றதை வீடியோ எடுக்கறேன்” என்று சொல்லிவிட்டு மிதித்தேன்.

“ரொம்பத் தூரம் போகாதே” என்றார் அண்ணன். கேட்டது. கேட்காத மாதிரி போனேன்.

முகுந்தராயர்சத்திரத்தில் பழைய சாலை முடிந்து, அரிச்சல்முனை வரையிலான 9.5 கிலோமீட்டர் புதிய சாலை தொடங்குகிறது. இது 2017-ல் திறக்கப்பட்டது. அதற்கு முன் மணலிலும் தண்ணீரிலும் ஓடும் வேன்களில்தான் போக வேண்டும். இப்போது கோடு போட்ட மாதிரி தார்ச்சாலை. இருபுறமும் மணல். அதற்கு அப்பால் கடல். வீடு இல்லை, மரம் இல்லை, மறைவு என்று எதுவுமே இல்லை.

சுற்றுலா வேன்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கடந்தன. இடப்பக்கத்திலிருந்து அடிக்கும் காற்று என்னை மெல்ல மெல்ல வலப்பக்கம், அதாவது வண்டிகள் போகும் பக்கம், தள்ளிக்கொண்டிருந்தது. அதைச் சமாளிக்க இரண்டு கையும் ஹேண்டில்பாரில் இருக்க வேண்டும். எனக்கு இருந்தது ஒரு கைதான். மறுகையில் போன்.

இடிந்த தேவாலயம் கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்த இடம். பின்னால் ஹாரன். பெரிய வேன் ஒன்று உரசுவதுபோல் கடந்தது. அதே நொடியில் காற்று ஒரு தள்ளு தள்ளியது. பயந்துபோய் இடதுபக்கம் ஒடித்தேன். முன் டயர் சாலையோர மணலில் புதைந்தது. நான் ஹேண்டில்பாருக்கு மேலே பறந்து மணலில் விழுந்தேன்.

முழங்கால், முழங்கை சிராய்த்துவிட்டது. ஹெல்மெட்டில் ஒரு கீறல். போன் மூன்றடி தள்ளிக் கிடந்தது. அது அப்போதும் ரெக்கார்டு ஆகிக்கொண்டிருந்தது, வானத்தை. வலதுபக்கம் விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தபோதுதான் கை நடுங்க ஆரம்பித்தது.

“போறதைக் கேட்கலைம்மா”

நான்கு பேரும் வந்து சேர ஏழெட்டு நிமிடம் ஆனது. அந்த ஏழெட்டு நிமிடமும் அழுகையை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அண்ணன் திட்டவில்லை. கை காலை அசைக்கச் சொன்னார். கழுத்தைத் திருப்பச் சொன்னார். டீச்சர் தண்ணீர் ஊற்றிக் காயத்தைக் கழுவிக் கட்டுப்போட்டார். தம்பி சைக்கிளின் முன்சக்கரத்தைச் சுற்றிப் பார்த்து, ஹேண்டில்பாரை நேராக்கினான்.

பிறகு அண்ணன் கேட்டார், “தெம்பு இருக்கா?”

“இருக்குண்ணா. இன்னும் அஞ்சு கிலோமீட்டர்தானே? போயிடலாம்.”

“போறதைக் கேட்கலைம்மா. போறதுக்குக் காத்து தள்ளும். திரும்பி வரத் தெம்பு இருக்கா?”

நான் பதில் சொல்லவில்லை. வந்த வழியைத் திரும்பிப் பார்த்தேன். அப்போதுதான் அந்தக் காற்று முதல்முறையாக நேராக முகத்தில் அடித்தது. மணலும் சேர்ந்து வந்தது. கண்ணைத் திறக்க முடியவில்லை. போனில் பார்த்தேன். காற்று மணிக்கு 28 கிலோமீட்டர், இடையிடையே 40 வரை வீசும் என்று காட்டியது. மணி ஒன்பதரை. வெயில் ஏற ஏறக் காற்றும் ஏறும்.

“நீங்க நாலு பேரும் போயிட்டு வாங்க. நான் இங்க கடையில உட்கார்ந்திருக்கேன்” என்றேன். உண்மையாகத்தான் சொன்னேன். தம்பி கோவையிலிருந்து ராத்திரி பஸ்ஸில் சைக்கிளைக் கட்டிக்கொண்டு வந்தவன். டீச்சருக்கு இது மூன்றாவது முயற்சி. ஒரு வீடியோவுக்காக ஒற்றைக் கையில் ஓட்டிய என்னால், அவர்கள் ஏன் பாதியில் திரும்ப வேண்டும்?

டீச்சர்தான் பதில் சொன்னார். “ஒருத்தர் அடிபட்டுக் காத்துக்கிட்டு இருக்காங்கன்னா, ஓட்டுறவங்களுக்கு மனசு பரபரக்கும். இந்தக் காத்துல பரபரத்தா இன்னொருத்தர் விழுவாங்க. அதுவும் இல்லாம, திரும்பி வர்றப்ப உன்னைக் காத்துலேருந்து மறைக்க நாலு முதுகு வேணும். எங்களுக்குத் தெம்பு இருக்கறப்பவே திரும்பினாத்தான் அது நடக்கும்.”

தம்பி ஒரு நிமிடம் அரிச்சல்முனைப் பக்கம் பார்த்தான். அப்புறம் சைக்கிளைத் திருப்பினான். “அக்கா, அரிச்சல்முனை எங்கேயும் போயிடாது” என்றான். எனக்குத் தொண்டை அடைத்தது.

கிளம்பும் முன் இடிந்த தேவாலயத்தின் சுவரோரம் காற்றுக்கு மறைவாகக் கொஞ்ச நேரம் நின்றோம். கூரை இல்லாத சுவர்கள். 1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயலில் ரயில் நிலையம், பள்ளி, தபால் நிலையம், வீடுகள் எல்லாம் இருந்த ஊர் அழிந்தது. பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்கு வந்துகொண்டிருந்த பாசஞ்சர் ரயிலையும் அலை விழுங்கியது. பாம்பன் பாலத்தின் பெரும்பகுதி இரும்புத் தூலங்களைக் கடல் அடித்துச் சென்றது. அந்தப் பாலத்தை 46 நாள்களில் மீட்டெடுத்தவர், அப்போது இளம் ரயில்வே பொறியாளராக இருந்த இ.ஸ்ரீதரன். பிற்காலத்தில் ‘மெட்ரோ மேன்’ என்று நாடறிந்தவர்.

இந்தச் சுவர்களுக்கு முன்னால் நின்றுகொண்டு, ‘இன்னும் அஞ்சு கிலோமீட்டர்தானே’ என்ற என் கணக்கைச் சொல்ல எனக்கே வெட்கமாக இருந்தது.

நான்கு முதுகுகளின் பின்னால்

வரும்போது ராமேஸ்வரத்திலிருந்து இந்த இடத்துக்கு 45 நிமிடம். திரும்பும்போது அதே தூரத்துக்கு ஒரு மணி 40 நிமிடம் ஆனது.

ஒற்றை வரிசை. அண்ணன் முன்னால், அடுத்து ஐ.டி. இளைஞர், நடுவில் நான், பின்னால் டீச்சர், கடைசியில் தம்பி. மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை முன்னால் இருப்பவர் கையசைத்து விலகிக் கடைசிக்கு வருவார். என்னை மட்டும் யாரும் முன்னால் விடவில்லை. என் முறை வரும்போதெல்லாம் பின்னால் இருப்பவர் என்னைத் தாண்டி முன்னால் போய்விடுவார்.

காற்று வலது முன்பக்கத்திலிருந்து வந்தது. அதனால், முன்னால் போகிறவருக்கு நேர் பின்னால் இல்லாமல் கொஞ்சம் இடதுபக்கம் தள்ளி இருந்தால்தான் மறைவு கிடைத்தது. பெரிய சைக்கிள் பந்தயங்களில், பக்கக்காற்று அடித்தால் வீரர்கள் சாலை முழுக்கச் சாய்வாக விசிறி மாதிரி விரிந்து போவதற்குக் காரணம் இதுதான் என்று டீச்சர் பிறகு சொன்னார். வண்டிகள் ஓடும் சாலையில் அப்படி விரிய முடியாது. சாலை ஓரத்தில், கையளவு மறைவில்தான் வந்தோம்.

ஒருமுறை சோதித்துப் பார்க்கலாமே என்று ஒரு முழம் வலதுபக்கம் விலகினேன். யாரோ மார்பில் கை வைத்துத் தள்ளியதுபோல் இருந்தது. உடனே உள்ளே வந்துவிட்டேன். அந்தத் தள்ளலைத்தான் முன்னால் இருப்பவர் எனக்காக மூன்று மூன்று நிமிடமாக வாங்கிக்கொண்டிருக்கிறார்.

பேச முடியாது. பேசினாலும் கேட்காது. கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் முன்னால் இருப்பவரின் முதுகும் பின் டயரும் மட்டும்தான். இரண்டு பக்கமும் கடல் இருந்தது. நான் பார்க்கவில்லை. மீட்டரில் 9, 10, சில நேரம் 8. முழங்கால் எரிந்தது. ஆனால், மூச்சு சீராக இருந்தது.

கோதண்டராமர் கோயில் திருப்பத்தில் நிறுத்தி கடலைமிட்டாயும் வாழைப்பழமும் சாப்பிட்டோம். காலையில் பார்த்த பூநாரைகள் அங்கேயேதான் இருந்தன. இப்போது ஒன்று கவனித்தேன். அத்தனையும் ஒரே திசையைப் பார்த்து நின்றன, காற்று வரும் திசையை. “முதுகைக் காட்டினா இறகு கலைஞ்சிடும். அதான் முகத்தைக் காட்டி நிக்குது” என்றார் டீச்சர்.

நோட்டில் எழுதிக்கொண்டவை

தங்கச்சிமடத்தில் ஒரு டீக்கடையில் இறங்கினோம். டீ வருவதற்குள் நால்வரும் ஆளுக்கொன்றாகச் சொன்னதை எழுதிக்கொண்டேன். வாடைக்காற்று மாதங்களில் எந்த ஊரில் சைக்கிள் எடுத்தாலும் உதவும்.

• கிளம்பும் முன் தூரத்தை மட்டும் பார்க்காதீர்கள். காற்றின் திசையையும் பாருங்கள். முடிந்தால் எதிர்காற்றில் போய், பின்காற்றில் திரும்பும்படி வழியை அமைத்துக்கொள்ளுங்கள்.

• போகும்போது வழக்கத்தைவிட வேகமாகப் போகிறீர்கள் என்றால், சந்தோஷப்படும் முன் சந்தேகப்படுங்கள். தள்ளுவது காற்றாக இருக்கும்.

• எதிர்காற்றில் கியரைக் குறையுங்கள். கனமான கியரைப் போட்டு முட்டியை வருத்தாதீர்கள். குனிந்து, முழங்கையை மடக்கி, தோளைத் தளர்த்தி ஓட்டுங்கள்.

• பக்கக்காற்றில் இரண்டு கையும் ஹேண்டில்பாரில் இருக்க வேண்டும். பெரிய வண்டி கடக்கும்போது காற்று ஒரு நொடி நின்று, மறுநொடி மொத்தமாக வந்து மோதும். அதற்குத் தயாராக இருங்கள். ஆழமான ரிம் வைத்த சக்கரங்களை இந்த மாதங்களில் வீட்டிலேயே வைத்துவிடுங்கள்.

• குளிர்ந்த காற்றில் தாகம் தெரியாது. ஆனாலும் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டு மடக்குத் தண்ணீர் குடியுங்கள்.

• தனுஷ்கோடி போவதாக இருந்தால் விடிந்ததும் கிளம்பிவிடுங்கள். மாலைக்குள் எல்லோரும் திரும்பிவிட வேண்டும் என்பது அங்கே விதி. இருட்டில் அந்தச் சாலை சைக்கிளுக்கானதும் அல்ல.

• போட்டோவுக்கு இறங்கி நில்லுங்கள். (இது நான் சேர்த்தது.)

“வந்துட்டீகல்ல?”

பக்கத்து பெஞ்சில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். அறுபதைத் தாண்டிய வயது. வெளியே அவருடைய சைக்கிள். கியர் கிடையாது. கேரியரில் மீன் பெட்டி, டயர் டியூபால் இறுக்கிக் கட்டியிருந்தது. பாம்பனில் மீன் எடுத்து தங்கச்சிமடம் தெருக்களில் விற்கிறவராம். என் முழங்கால் கட்டைப் பார்த்து, “வாடை தள்ளிவிட்டுருச்சா தாயி?” என்றார்.

“ஆமாங்கய்யா. நீங்க இந்தக் காத்துல எப்படி தினமும் ஓட்டுறீங்க?”

“விடியக்காலம் வாடை அசந்து கெடக்கும். அப்ப பாம்பன்லேருந்து பெட்டியோட இங்க வந்துருவேன். ஏவாரம் முடியிறப்ப வாடை எந்திரிச்சுரும். வெறும் பெட்டியோட திரும்புறேன்ல, அது பாட்டுக்குக் கொண்டுபோய் வீட்டுல விட்டுரும். அதுகூட மல்லுக்கு நின்னு ஆகுமா?”

காற்றின் பெயர்களையும் அவரே சொன்னார். வடக்கிலிருந்து வந்தால் வாடை, கிழக்கிலிருந்து வந்தால் கொண்டல், தெற்கிலிருந்து சோழகம், மேற்கிலிருந்து கச்சான். “கடல்ல போறவனுக்குக் காத்து பேரு தெரியாட்டி, பொண்டாட்டி பேரு தெரியாத மாதிரி” என்று சொல்லிவிட்டு அவரே சிரித்தார்.

பிறகு கேட்டார், “அரிச்சல்முனை பாத்தீகளா?”

“இல்லைங்கய்யா. பாதியில திரும்பிட்டோம்.” சொல்லும்போது குரல் இறங்கிவிட்டது.

“வந்துட்டீகல்ல?” என்றார் அவர். “கடலுக்குப் போறவுகளை நாங்க எம்புட்டுத் தூரம் போனீகன்னு கேக்கறதில்ல. வந்துட்டீகளான்னுதான் கேப்போம்.”

டீச்சர் என்னைப் பார்த்துச் சிரித்தார். முந்தின நாள் சாயங்காலம் அவர் சொன்னது இப்போதுதான் எனக்கு எட்டியது. இரண்டு தடவையும் பத்திரமாக வீட்டுக்கு வந்து சமைத்தது ஜோக் இல்லை.

மீண்டும் பாம்பன் பாலம். இப்போது காற்று வலதுபக்கம். ஒரு பஸ் எங்களைக் கடந்தபோது காற்று நின்றது. அது போனதும் தள்ளியது. தோளைத் தளர்த்திக்கொண்டேன், சைக்கிள் ஆடி நேரானது. முதல்முறையாக அண்ணன் திரும்பிப் பார்த்துக் கட்டை விரலைக் காட்டினார்.

திங்கட்கிழமை ஆபீஸில் எடிட்டர், “அரிச்சல்முனை வீடியோ எங்கம்மா?” என்றார். போனில் இருந்ததைக் காட்டினேன். மணலில் கிடந்தபடி எடுத்த ஏழு நிமிட வானம். கொஞ்ச நேரம் பார்த்தவர், “சரி, எழுதிக் கொடு” என்றார்.

எழுதிவிட்டேன். அடுத்த தை மாதத்துக்கு டீச்சரும் தம்பியும் இப்போதே நாள் பார்க்கிறார்கள். டீச்சருக்கு அது நான்காவது முயற்சி. பங்குனியில் காற்று ஓய்ந்ததும் போய்வந்துவிடலாமே என்று கேட்டேன்.

“காத்து இல்லாதப்ப யாரு வேணாலும் போகலாம்” என்றார் டீச்சர். “நீயும் வர்றியா?”

வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். போன் பைக்குள் இருக்கும்.